பின்சக்கரத்துக்கு ஊற்றிய எண்ணெய்

நர்ஸம்மா எந்த வீட்டுக்குள் வந்தாலும் அவருக்கு முன்னால் அவர் மூக்கு வந்துவிடும். பிள்ளைத்தாய்ச்சி எங்கே, வலி எப்போது கண்டது என்று விசாரிப்பதற்கு முன்பே நடையில் நின்று காற்றை ஓர் இழுப்பு இழுப்பார். "நல்லெண்ணெ. ஆட்டி ரெண்டு நாள் ஆவுது" என்பார். இல்லாவிட்டால், "வெளக்கெண்ணெ. காறல் அடிக்கிது, மாத்துங்க" என்பார். அதற்குப் பிறகுதான் கைப்பையைக் கீழே வைப்பார். என் மாமியார் வெகுநாள் வரைக்கும் அதை வேதக்காரர்களின், அதாவது கிறிஸ்தவர்களின், ஏதோ ஒரு ஜபம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஜபம் இல்லை. அவர் தம் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு எண்ணெய் தேடிக்கொண்டிருந்தார். நான் அறிந்த காலம் முழுவதும் தேடினார். சிலர் நல்ல ஜோசியனைத் தேடுவார்கள், சிலர் நல்ல சமையற்காரனை. இவருக்கு எண்ணெய்.

பின்சக்கரத்தின் நடுவில், அச்சைச் சுற்றியிருக்கும் குடத்தில், ஃப்ரீவீல் என்று ஒன்று இருக்கிறது. மிதித்தால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், மிதிப்பதை நிறுத்தினால் விட்டுவிடும். உள்ளே இரண்டு சின்ன இரும்பு நாக்குகள், அவற்றைத் தூக்கிவிட மயிரிழை கனத்தில் கம்பி. சைக்கிள் தானாக உருளும்போது டிக் டிக் என்று கேட்கிறதே, அது அந்த நாக்குகள் பேசுவது. இதெல்லாம் எனக்கு இன்று தெரியும். தெரிந்திருக்க வேண்டிய நாளில், சைக்கிளுக்கு இரண்டு சக்கரம் என்பதுவரைதான் என் ஞானம் எட்டியிருந்தது.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கலாம். சாந்தோமில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் தனியாக இருந்தார். தகப்பனார் கடலுக்குப் போய் மீன் பிடித்தவர். தாயார் அடையாறு பாலத்துக்கு அப்பால் ஊரூர் குப்பத்துப் பெண். மகள் மட்டும் படித்து, நர்ஸ் வேலை பழகி, வெள்ளைப் புடவையும் கறுப்புச் செருப்புமாக, புடவை சிக்காமல் பின்சக்கரத்துக்கு வலை கட்டிய பொம்பளை சைக்கிளில் மயிலாப்பூர் வீடுகளுக்குப் பிரசவம் பார்க்க வந்துகொண்டிருந்தார். முதல் வருஷம் அவர் கச்சேரி ரோட்டில் போனால் கடைக்காரர்கள் தராசைக் கையில் தூக்கியபடியே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். அப்புறம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பிள்ளை பிறந்தது. பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

அப்போதைக்கு அவருடைய எண்ணெய் முக்கால் பங்கு தையல் மிஷின் எண்ணெய், கால் பங்கு மண்ணெண்ணெய். மூக்கு நீண்ட ஒரு சின்னத் தகரக் குப்பியில் ஊற்றி, ஆசனத்துக்குக் கீழே சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அதை வேறொருவர் தொட அனுமதி கிடையாது. லஸ்ஸில் ஒரு சைக்கிள் கடைக்காரர், பழைய வாடிக்கை ஆயிற்றே என்று, ஒருநாள் ஃப்ரீவீலைக் கழற்றி உள்ளே கெட்டியான கிரீஸை அப்பிக் கொடுத்துவிட்டார். சத்தமே இல்லை, வெண்ணெயாக ஓடுகிறது என்று அவருக்கு ஒரே பெருமை. நர்ஸம்மா கடை வாசலிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அத்தனையையும் மண்ணெண்ணெயில் கழுவி எடுக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. "நாக்கு ஒட்டிக்கினா எப்டி பேசும்?" என்று கேட்டாராம். கடைக்காரர் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தார்.

சத்தம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. என் மாமியார் வீட்டுக்கு அடுத்த வீட்டில் பென்ஷன் வாங்கிய சப்ஜட்ஜ் ஒருவர் இருந்தார். விடியற்காலையில் இந்த டிக் டிக் தெருவில் வந்தால் தம் ஜபம் கலைகிறது, தயவுசெய்து கிரீஸ் போட்டுக்கொள்ளவும் என்று கோர்ட்டு உத்தரவு மாதிரி ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். நர்ஸம்மா சீட்டைப் படித்துவிட்டு நேரே அவர் வாசலுக்குப் போனார்.

"உள்ள வலியில கீறவளுக்கு மணி தெரியாது, தெரு தெரியாது, அய்யா. இந்த டிக் டிக் கேட்டா, வந்துட்டாங்கடின்னு ஒரு மூச்சு வுடுவா. அந்த மூச்சுலயே எனக்குப் பாதி வேலை முடிஞ்சிரும். கிரீஸ் போட்டா உங்க ஜபம் நடக்கும். அவ மூச்ச யாரு வுடறது?"

அடுத்த வருஷம் சப்ஜட்ஜின் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்தபோது, அதே மனிதர் விடியற்காலையில் மேல்வேஷ்டி இல்லாமல் தெருமுனையில் நின்று, காதைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

அவர் பையில் மரத்தில் கடைந்த இரண்டு குழல்கள் இருக்கும். வயிற்றில் வைத்துக் குழந்தையின் நெஞ்சடிப்பைக் கேட்பதற்கு ஒன்று. விளிம்பு உடைந்த பழசு சைக்கிளுக்கு. ஏறுவதற்கு முன்னால் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பழைய குழலைக் குடத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் சும்மா இருக்கமாட்டேனே. "நர்ஸம்மா, குழலை மாத்தி வெச்சுடாதீங்கோ. அப்புறம் என் ஆம்படையாள் வயத்துல ஃப்ரீவீல் இருக்குன்னு சொல்லிடுவேள்" என்றேன் ஒருநாள்.

"உன் வயத்துல வெச்சி பாக்கறேன் வா, நைனா. வெறும் காத்துதான் கேக்கும்."

என் மாமியார் வீட்டில் என்னை நீ என்று கூப்பிட்ட ஒரே ஆத்மா அவர். மற்ற எல்லாருக்கும் நான் மாப்பிள்ளை. நான் தும்மினால்கூட நாலு பேர் எழுந்து நிற்பார்கள். தியாகராயநகரில் அப்போதுதான் மனை போட்டு வீடு எழும்பிக்கொண்டிருந்த ஒரு தெருவில் குடியிருந்தேன். கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் குமாஸ்தா. ஆபீசில் எனக்கு விகடகவி என்று பெயர். என் தமாஷெல்லாம் பயத்தில் வருவது என்று யாருக்கும் தெரியாது. பல்லி விழுந்தால் நான் ஒரு ஜோக் சொல்வேன். துரை கூப்பிட்டால் இரண்டு.

தலைப்பிரசவத்துக்கு மனைவி தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். மார்கழி பிறந்து பத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. பகல் சாப்பாட்டுக்கு மேல் வலி கண்டது. நர்ஸம்மா வந்து, சைக்கிளைக் கொல்லையில் துவைக்கிற கல்லோடு சாய்த்துவிட்டு உள்ளே போனார். நானும் கொல்லைக்குப் போய் நடக்க ஆரம்பித்தேன். கிணற்றிலிருந்து வேலி, வேலியிலிருந்து கிணறு. உள்ளே இருந்து ஒவ்வொரு முனகல் வரும்போதும் ஜன்னல் பக்கம் போய் ஒரு ஜோக் சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. கேட்கும்படியாக இருந்திருக்காது. ஏழெட்டு ஜோக்குக்குப் பிறகு ஜன்னல் கதவு திறந்தது.

"நைனா, உன்னால அவளுக்கு மூச்சு வாங்குது. கைக்கு வேலை இல்லேன்னா இத்த செய். வண்டிய படுக்க வெச்சி, பின்சக்கரத்துக் குடத்துல குப்பி எண்ணெ பத்து சொட்டு வுடு. பெடல பின்னாடியே சுத்து. நான் கூப்பிடற வரைக்கும் சுத்திக்கினே இரு."

யாரும் தொடாத குப்பியை அவர் என்னிடம் ஒப்படைத்தார். என் பயம் அவ்வளவு பொறுக்கமுடியாததாக இருந்திருக்கிறது.

சைக்கிளைப் படுக்க வைத்தேன். குப்பியை அவிழ்த்து மூடியைத் திருகி எடுத்தேன். அந்த க்ஷணத்தில் உள்ளே என் மனைவி கத்தினாள். அதுவரை அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. குப்பி கையிலிருந்து போயிற்று. குனிந்து எடுப்பதற்குள் எண்ணெய் முழுவதும் துவைக்கிற கல்லின் மேல் வழிந்து சாக்கடைக்குள் போய்விட்டது.

யோசித்துப் பாருங்கள். பெண்டாட்டி உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறாள். நான் அந்த நேரத்தில் எதற்காகப் பயந்தேன்? எண்ணெயைக் கொட்டிவிட்டேன் என்று மாமியார் வீட்டில் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். மாப்பிள்ளைக்கு ஒரு குப்பியைப் பிடிக்கத் தெரியவில்லை என்று பேச்சு வருமே என்று.

வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்து மாடத்தில் மூன்று சீசாக்கள் இருந்தன. ஒரு நியாயஸ்தலம் போல ஆலோசித்தேன். விளக்கெண்ணெய் கெட்டி, இழுபடும், ஆகாது. நல்லெண்ணெய் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது சீசாவில் இருந்தது தண்ணீர் போலத் தெளிவாக, மெல்லிசாக, நிறமே இல்லாமல் இருந்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு குப்பி நிறைய அதை ஊற்றினேன். பத்துச் சொட்டு என்றார். மாப்பிள்ளை இலைக்கு மாமியார் நெய் விடுவது போல விட்டேன். பின்பக்கமாகச் சுற்றினேன்.

அது தேங்காயெண்ணெய். மார்கழியில் தேங்காயெண்ணெய் உறையும் என்பது தலையில் மயிர் உள்ள எவனுக்கும் தெரியும். அன்றைக்கு என் தலையில் நிறைய இருந்தது. சீசாவை எதற்காக வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். தினம் காலையில் அந்த வெள்ளைக் கட்டியைக் குச்சியால் தோண்டிக்கொண்டிருந்தவன் நான். கண்ணுக்கு எதிரே இருந்தது, புத்திக்கு எட்டவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் பிறந்தாள். தாயும் சுகம், குழந்தையும் சுகம். நர்ஸம்மா கையைக் கார்பாலிக் சோப்பில் கழுவித் துடைத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார். வழக்கம்போலச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பழைய குழலை வைத்துக் கேட்டார். டிக் டிக் என்று பேசிற்று, கொஞ்சம் தணிந்த குரலில். குடத்தை விரலால் தொட்டு மூக்குக்குக் கொண்டுபோனார். விரலில் கார்பாலிக்கின் நெடி மட்டுந்தான் இருந்திருக்க வேண்டும்.

"இன்னா நைனா, நம்ம எண்ணெதானா? இவ்ளோ நைசா கீதே."

"உங்க எண்ணெய்தான் நர்ஸம்மா. கைராசி" என்றேன்.

சிரித்தார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறிப் போனார். தெருமுனை திரும்புகிற வரைக்கும் அந்த டிக் டிக் கேட்டது. நான் உள்ளே போய் என் பெண்ணைப் பார்த்தேன். என்னைவிடச் சந்தோஷமான ஒரு மனிதன் அன்று மயிலாப்பூரில் இருந்திருக்க மாட்டான்.

மறுநாள் அவர் வரவேண்டும், வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் வந்தார். சத்தம் பழையபடி கணீரென்று இருந்தது. குழந்தையைக் குளிப்பாட்ட உட்கார்ந்தார். நான் வாசற்படியில் நின்று, மூக்கு யாருடையது என்பது பற்றி என்னவோ தமாஷ் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த சீசாவை எடுத்து என்னிடம் நீட்டினார். அன்றைக்கு அடுப்பு தாமதமாகத்தான் மூட்டியிருந்தார்கள். சீசாவுக்குள் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது.

"தேங்கா எண்ணெ உறைஞ்சி கீது, நைனா. அடுப்புல காட்டி உருக்கிக்கினு வா."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் கோபம் இல்லை. கண்ணை மட்டும் என் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

நான் அடுப்புக்கு முன்னால் குந்தி சீசாவைத் தணலுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் என் மாமியாரிடம், ஏன் நேற்று வரமுடியவில்லை என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். முந்தின நாள் விடியற்காலை, வெளுப்பதற்கு முன்னால், ஊரூர் குப்பத்திலிருந்து ஓர் ஆள் ஓடிவந்தான். அவன் மனைவிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. நீ முன்னால் ஓடு, நான் வண்டியில் உன்னை முந்திக்கொண்டு போய்விடுவேன் என்று அவனை அனுப்பிவிட்டார். சைக்கிள் இரவெல்லாம் வெளியே பனியில் நின்றிருந்தது. ஏறினார். கொஞ்ச தூரம் பிடித்தது. மந்தைவெளி தாண்டுவதற்குள் கால் காற்றில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. உள்ளே நாக்குகள் ஒட்டிக்கொண்டு எழவில்லை, சக்கரம் அசையவில்லை. இறங்கிக் குப்பியைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. மூடியைத் திறந்து பார்த்தார்.

அங்கே நிறுத்தி, குழந்தைக்கு இரண்டு சொம்பு தண்ணீர் விட்டார். அது அழுதது.

அந்த இடத்திலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினாராம். ஜட்கா ஒன்றும் கண்ணில் படவில்லை. அடையாறு பாலம் போய்ச் சேர்வதற்குள் நன்றாக விடிந்துவிட்டது. குப்பத்தில் நுழைகிறபோதே அழுகுரல் கேட்டது. கையை வைத்து அழுத்திப் பிடித்திருந்தால் நின்றிருக்கும், கால்மணி முன்னால் வந்திருந்தால் போதும் என்றார். குழந்தை இருக்கிறது. அதுவும் பெண்தான்.

"அவா வீட்டுல என்ன சொன்னா?" என்று என் மாமியார் கேட்டார்.

"வண்டிக்கு எண்ணெ நான்தான் தப்பா ஊத்திக்கினேன்னு சொன்னேன். வேற இன்னா சொல்றது?"

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டதாம். குப்பத்து ஜனங்கள் எல்லாம் நின்று பார்த்துக்கொண்டிருக்கையில் சைக்கிளைத் தள்ளப் போனவர் ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். சக்கரம் பிடித்துக்கொண்டது. டிக் டிக் என்று பாடிக்கொண்டே பாலம் வரைக்கும் வந்தது.

சீசாவில் ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி, நடுவில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டி மிதந்தது. அதுவும் போயிற்று. நான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்துவிட்டு என் பெண்ணின் தலையில் தேய்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். திட்டினால் பதிலுக்கு என்னவாவது தமாஷ் சொல்லித் தப்பியிருப்பேன், அதற்கு வழியில்லாமல் போயிற்று. பத்தாம் நாள் வரைக்கும் வந்தார். ஒருநாளும் கேட்கவில்லை.

அவருக்குள் எது மாறியது என்றால், அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் எந்தப் புருஷனுக்கும் வேலை கொடுக்கவில்லை. குப்பி கைப்பைக்குள் போய்விட்டது. ஏறுவதற்கு முன் சக்கரத்தை ஒரு தரம் சுற்றிக் கேட்டவர் மூன்று தரம் கேட்டார். தெரு நடுவில் இறங்கிக்கூடக் கேட்பார். எனக்கு மாறியது வேறு மாதிரி. ஆபீசுக்குப் போகிற வழியில் எந்தச் சைக்கிளாவது மிதிக்காமல் உருண்டு வந்தால் நான் நின்றுவிடுவேன். டிக் டிக் கேட்டால் சரி, நடப்பேன். கேட்காமல் வந்தால் வியர்த்துவிடும். சத்தம் இல்லாத சைக்கிளுக்குப் பின்னால் ஒரு தரம் கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் ஓடி, ஓட்டி வந்தவரிடம் என்ன எண்ணெய் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். அவர் என்னைப் போலீஸ் என்று நினைத்துக்கொண்டார்.

பங்குனியில்தான் எனக்கு மீதி விஷயம் தெரிந்தது. குப்பத்தில் அவரைப் பிரசவத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் வருவதற்கு முன்னால் இருந்த ஒரு கிழவியை, கண் சரியாகத் தெரியாதவளை, மறுபடியும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நர்ஸம்மா இதை என் மனைவியிடம் சொல்லும்போது நானும் இருந்தேன். மயிலாப்பூர் முழுவதும் கதவைத் திறந்து வைத்திருந்தது. அவர் தாயார் பிறந்த இடத்தில் மட்டும் மூடிவிட்டார்கள். "எங்கம்மா ஊரு" என்றார்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் சாய்ந்தபின், நான் குப்பத்துக்குப் போனேன். பாலத்தின் மேல் நடக்கையில் சொல்லவேண்டியதைப் பாராயணம் செய்துகொண்டே போனேன். மனைவியை இழந்தவனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கட்டுமரத்தின் நிழலில் உட்கார்ந்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கம்புக்கு நடுவே தூளி. அதில் குழந்தை தூங்கிற்று. என் பெண்ணைவிட ஓர் இரவு இளையது. நான் தூளியைப் பார்க்காமல், வலையைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். குப்பியைக் கொட்டினது, தேங்காயெண்ணெய், கைராசி, ஒன்றையும் விடவில்லை. என் வாழ்நாளில் ஒரு தமாஷும் கலக்காமல் நான் பேசிய ஒரே பேச்சு அது.

அவன் முடிகிற வரைக்கும் கேட்டான். பிறகு சிரித்தான். பரிகாசம் இல்லை, நல்ல சிரிப்பு.

"நர்ஸம்மா அனுப்பிச்சாங்களா, சாமி?"

"இல்லை. அவருக்குத் தெரியாது. நான் சொல்றது சத்தியம்."

"அய்யர் வூட்டு மாப்ள. மாமியார் வூடு. பெண்டாட்டி உள்ள வலியில கீறா. மாப்ள கொல்லையில குந்திக்கினு பிரசவம் பாக்க வந்தவங்க சைக்கிளுக்கு எண்ணெ போட்டாரு." ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டுத் தலையை ஆட்டினான். "யார்னா நம்புவாங்களா, சாமி? போகும்போது அந்த வண்டி நல்லா ஓடிச்சி. நாங்க அல்லாரும் பாத்துக்கினு இருந்தோம். தப்பு எம்மேலன்னு அந்தம்மாவே சொல்லிச்சி. அதுக்கோசரம் நீங்க வந்து பழிய ஏத்துக்கறீங்க. பெரிய மனசு."

"பொய் இல்லைப்பா."

"பொய்யா இருந்தா இன்னா. நல்ல மனசுக்காரன்தான் இப்படிப் பொய் சொல்லுவான்."

எழுந்து போய், ஒரு மீனை ஓலையில் சுற்றி எடுத்துவந்து என் கையில் வைத்தான். கோபம் ஒன்றும் இல்லை என்று அந்தம்மாவிடம் சொல்லச் சொன்னான். ஆனால் கூப்பிடமாட்டோம் என்றான். எண்ணெய் பார்த்து ஊற்றத் தெரியாத கையிடம் எப்படிப் பெண்களை விடுவது என்று என்னையே நியாயம் கேட்டான். மீனை வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தெரியவில்லை.

நெற்றியில் ஸ்ரீசூர்ண நாமம், கையில் மீன். இந்தக் கோலத்தில் அடையாறு பாலத்தைக் கடந்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். எதிரே சப்ஜட்ஜ் காற்று வாங்க ஜட்காவில் வந்தார். என்னைப் பார்த்தார், ஓலையிலிருந்து வெளியே நீண்டிருந்த வாலைப் பார்த்தார், ஆற்றைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். நாளைக்குள் மயிலாப்பூர் முழுவதும் என் பெயர் நாறிவிடும் என்று தெரிந்தது. ஆகட்டும் என்று இருந்தது. நர்ஸம்மாவுக்கு ஒரு குப்பத்தில் கெட்டது போல எனக்கு ஒரு ஊரில் கெடட்டுமே என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அப்படி ஒன்றும் கெடவில்லை. சப்ஜட்ஜ் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது.

சாந்தோமில் நர்ஸம்மா தம் வீட்டு வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரம் துடைத்துக்கொண்டிருந்தார். என்னையும் மீனையும் சேர்த்துப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மார்கழிக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மீனை வாங்கி, செவுளைத் தூக்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"குப்பத்துக்கா போனே?"

"ஆமாம்."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அவர் கீழே உட்கார்ந்தார். துடைத்துக்கொண்டிருந்த துணி இன்னும் கையில் இருந்தது. பிறகு தலையைத் தூக்கினார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன். பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர்களுக்குத்தான் அந்த முகம் இருக்கும். அவருக்கு இருந்து பார்த்ததில்லை.

"இன்னா சொன்னாங்க?"

"கோபம் இல்லையாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னான்."

"கூப்பிடுவாங்களா?"

ஒரு வார்த்தை. இல்லை என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். குப்பத்தில் அவ்வளவு நேரம் உண்மை பேசிவிட்டு வந்த வாய்தான். அவர் முகத்தைப் பார்த்தேன், பயம் வந்துவிட்டது.

"கூப்பிடுவா, நர்ஸம்மா" என்றேன்.

இரண்டு வருஷம் கழித்து என் மனைவி மறுபடியும் தாய்வீட்டுக்கு வந்தாள். குப்பத்திலிருந்து அதுவரை யாரும் நர்ஸம்மாவைக் கூப்பிட வரவில்லை. ஒரு விடியற்காலையில் வலி கண்டது. நான் சாந்தோமுக்கு ஓடினேன். சந்து இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. சைக்கிள் வாசலில் தெற்கே, அடையாறு பக்கம் பார்த்து நின்றது. பனி படாமலிருக்கப் பின்சக்கரத்துக் குடத்தின் மேல் ஒரு பழைய கம்பளித் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். கதவைத் தட்டினேன். முதல் தட்டுக்கே உள்ளே செருப்புச் சத்தம் ஓடிவந்தது. தாழ்ப்பாளில் கை வைத்த சத்தமும் கேட்டது.

"குப்பமா?" என்றார் உள்ளிருந்து.

"இல்லை நர்ஸம்மா. நான்தான்" என்றேன்.

தாழ்ப்பாள் பாதியில் நின்றது.